ஒன்பதாவது ஷரத்தும் தொயனாய் மூடுபனியும்

“பொறுப்புங்கிறது இந்த உலகத்துல யாரு வீட்டு வாசல்ல வேணா போய் நிக்கட்டும். என் வாசலுக்கு மட்டும் வராது. வராதபடி எழுதி வெச்சிருக்கேன்!”

தொயனாய் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் புத்தாண்டு விருந்தில், மூன்றாவது கிண்ணம் சாக்கே மது உள்ளே போன பிறகு, தொமாரி யசுஜி எழுந்து நின்று இப்படி முழங்கினார். நாற்பது மீனவர்கள் கைதட்டினார்கள். அவர்களில் முப்பத்தைந்து பேருக்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மீதி ஐந்து பேருக்குக் கேட்டது, புரியவில்லை. இருந்தாலும் முப்பத்தொரு வருடம் சங்கத்தின் ஒப்பந்தங்களை எழுதிய மனிதர் ஏதோ சொல்கிறார், கைதட்டுவதுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். தொமாரிகூட அப்படித்தான் ஆலோசனை சொல்லியிருப்பார்.

ஜப்பானின் வடக்கே, ஹொக்கைதோத் தீவின் கிழக்குக் கரையில் மற்ற ஊர்க்காரர்கள் கணவாய் பிடித்தார்கள், சால்மன் பிடித்தார்கள். தொமாரி ஆபத்தைப் பிடித்தார். பிடித்து, அடுத்தவர் வலைக்குள் மெல்லத் தள்ளிவிட்டார். பனிக்கட்டி ஆலையின் கூரை ஒழுகினால் அது கட்டியவன் பாடு. கட்டியவன் செத்துப்போயிருந்தால் ஓடு விற்றவன் பாடு. சங்கத்துக்குப் பாட்டுப்பெட்டி ஒன்று வாடகைக்கு எடுத்தபோது பதினான்கு பக்க ஒப்பந்தம் எழுதினார். பாடுகிறவரின் தொண்டை, கேட்கிறவரின் காது, பாட்டினால் விளையும் குடும்பச் சண்டை எல்லாவற்றுக்கும் தனித்தனி ஷரத்து. பெட்டி கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்திருந்தாராம்.

பெண் பார்க்கப் போன அன்றும் ஆள் இப்படித்தான். தேநீர் வந்தது, இனிப்பு வந்தது, மிட்சுயே தலைகுனிந்து உட்கார்ந்தாள். தொமாரி கேட்ட முதல் கேள்வி: “கல்யாணத்தன்னிக்கு மழை வந்தா குடை யாரு பக்கம்?”

“மழைக்கு ஆசைப்பட்டவங்க பக்கம்,” என்றாள் மிட்சுயே. அந்தப் பதிலில் ஓட்டை எங்கே என்று தேடித் தேடி முப்பது வருடம் ஓடிவிட்டது. அதற்குள் வீட்டில் ஏழு காப்பீட்டுப் பத்திரங்கள் சேர்ந்து, பிஸ்கட் டப்பாக்களில் வரிசையாகப் படுத்திருந்தன. தீ, வெள்ளம், விபத்து, நோய், திருட்டு, கண்ணாடி உடைதல். ஏழாவது எதற்கு என்று தொமாரிக்கே மறந்துவிட்டது. ஆனால் பிரீமியம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரு கனவு உண்டு, மாதம் ஒருமுறையாவது வரும். கடலிலிருந்து கொழுத்த, ஈரமான கடல்நாய் ஒன்று ஊர்ந்து வந்து தொயனாய்த் தெருவில் ஏறும். அதுதான் பொறுப்பு. அப்படி யாரும் அவருக்குச் சொன்னதில்லை, கனவில் தெரியும். அது வீடு வீடாகப் போகும். எல்லாக் கதவிலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். கடல்நாய் மீசையைக் காகிதத்தில் உரசிக்கொண்டு நிதானமாகப் படிக்கும், பெருமூச்சு விடும், அடுத்த வீட்டுக்கு நகரும். தொமாரி வீட்டுக் கதவில் ஒட்டிய காகிதம் மட்டும் கதவைத் தாண்டி, படியைத் தாண்டி, தெருவில் விரிந்து கிடக்கும். கடல்நாய் விடிய விடியப் படித்துக் கண் சோர்ந்து கடலுக்கே திரும்பிவிடும். அந்தக் கனவு வந்த காலைகளில் அவர் இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த வருடம் வாணவேடிக்கை வந்து சேர்ந்தது.

சங்கத்துக்கு எழுபது வயது. அதுவரை ஆகஸ்டில், இறந்த முன்னோரை வரவேற்று வழியனுப்பும் ஓபோன் திருநாள் முடியும்போது மீனவர்களே கரையிலிருந்து நாலு ராக்கெட் விடுவார்கள், நாலில் ஒன்று யார் வீட்டுத் துணிக்கொடியிலாவது இறங்கும். எழுபதாவது வருடத்துக்கு அது போதாது என்று சங்கத் தலைவர் ஒகிதா கன்சுகே முடிவு செய்தார். ஆற்றின் மேல்பக்கத்தில் வெடிப்பட்டறை வைத்திருக்கும் ஹொரிகொமே கினுயே வரவழைக்கப்பட்டாள். கடலில் ஒரு மிதவைத் தெப்பம், அதன்மேல் எண்ணூறு வாணக் குண்டுகள், கரையிலிருந்து கம்பி வழியாகப் பற்றவைப்பது என்று பேச்சு முடிந்தது. ஒப்பந்தம் எழுதத் தொமாரி பேனாவைத் திறந்தார்.

அந்த ஒப்பந்தத்துக்கு உயிராக இருந்தது ஒன்பதாவது ஷரத்து. பட்டியலில் உள்ள காரணத்தால் வேடிக்கை நின்றால் செலவைக் காப்பீடு ஏற்கும். பட்டியலில் இல்லாத காரணம் என்றால், எந்தத் தரப்பு “நிறுத்து” என்று சொல்கிறதோ செலவு அந்தத் தரப்புக்கு. யாரும் சொல்லாவிட்டால், மணி ஏழு அடித்ததும் பற்றவைத்தே ஆகவேண்டும். பிறகு அந்தப் பட்டியல்! மழை, புயல், இடி, ஆலங்கட்டி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, எரிமலைச் சாம்பல், கரடி நுழைதல், திமிங்கிலம் கரையொதுங்குதல், சங்கத் தலைவர் காலமாதல்.

“நான் எதுக்குய்யா சாகணும்?” என்றார் ஒகிதா.

“நீங்க சாகணும்னு இல்ல தலைவரே. செத்தா சங்கத்துக்கு நட்டம் வரக்கூடாது, அவ்வளவுதான்.”

“அது சரி. என் மேல எவ்வளவு அக்கறை உனக்கு!”

கினுயே பட்டியலை விரல் வைத்துப் படித்தாள். வெடிமருந்து ஏறிக் கறுத்த விரல், நகம் ஒட்ட வெட்டியிருந்தது. “கரடிகூட இருக்கு. எங்க பட்டறைல பதினோரு பேர். ஒரு வருஷம் செலவு எங்க தலைல விழுந்தா அடுத்த வருஷம் பட்டறையே இல்ல. எதாவது விட்டுப்போயிருக்கா, தொமாரிசான்?”

“விட்டுப்போற பழக்கம் என் பேனாவுக்குக் கிடையாதுங்க.”

மூடுபனி விட்டுப்போயிருந்தது.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கக்கூடும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை தொயனாயில் பாதி நாள் மூடுபனிதான். ஆனால் தொயனாய்க்காரர்கள் அதை வானிலை என்று நினைப்பதே இல்லை. “இன்னிக்குப் பனி” என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள், அடுத்த வீட்டுச் சுவர் கண்ணில் பட்டால்தான் “இன்னிக்குத் தெரியுது” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கடல் வரையச் சொன்னால் பிள்ளைகள் வெறும் சாம்பல் நிறத்தைத் தீட்டிக் கொடுக்கும், வாத்தியார் நூற்றுக்கு நூறு போடுவார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த தொமாரிக்கு மூடுபனியை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கத் தோன்றாதது, மூச்சைச் சேர்க்கத் தோன்றாதது போலத்தான். படித்துக் கையெழுத்திட்ட ஒகிதாவும் இதே ஊர். கினுயே வளர்ந்தது ஆற்றின் மேல்பக்கம், மூடுபனி எட்டாத வெயில் ஊர். அவளுக்கும் தோன்றவில்லை.

திருநாள் வந்தது. காலையில் நீலவானம். ஊரே வெட்கப்படும் அளவுக்கு எல்லாம் தெரிந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கடலின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு எழுந்தது. மூன்றேகாலுக்கு அது துறைமுகத்து விளக்குத்தூணை விழுங்கியது. மூன்றரைக்கு மீன் ஏலக் கொட்டகை காணாமல் போனது, பிறகு சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளம். மாடியறையில் நான்கு பேர் மேகத்தின்மேல் மிதப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஒகிதா, கினுயே, தொமாரி, காப்பீட்டு முகவர் சுகெனோ.

சுகெனோ பத்திரத்தை மூன்றாவது முறையாகப் புரட்டினார். “மழை இருக்கு. சாம்பல் இருக்கு. திமிங்கிலம் இருக்கு. இது... இல்லீங்களே.”

“பட்டியல யாரு போட்டது?” என்றார் ஒகிதா.

“தொமாரிசான் குடுத்ததுதான். எழுத்து மாறாம போடணும்னு கடிதம் வேற எழுதியிருந்தார்.”

எல்லோரும் தொமாரியைப் பார்த்தார்கள். தொமாரி தேநீரைப் பார்த்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் உண்மையான வேடிக்கை. அந்த அறையில் ஒரு சொல் இருந்தது, நான்கு பேருக்கும் நாக்கு நுனியில் இருந்தது, அதை யார் சொல்கிறாரோ செலவு அவர் தரப்புக்கு. ஆகவே யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் கடைசி ஷரத்து, இதில் எழுதாத விஷயங்களை இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு கலந்து பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்றது. அதன்படி நல்லெண்ணத்தோடு கலந்து பேசினார்கள்.

“கொஞ்சம் மறைப்பா இருக்கு,” என்றார் ஒகிதா.

“மறைப்பாத்தான் இருக்குங்க,” என்றாள் கினுயே.

“காத்து வந்தா விலகும்.”

“வந்தா விலகும்.”

“வரும்னு நெனைக்கிறீங்களா?”

“நெனைக்கிறது பத்தி ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்லீங்களே, தலைவரே.”

நான்கு கெண்டி தேநீர் தீர்ந்தது. தொமாரிக்கு ஒரு பக்கம் கவலை, மறுபக்கம் ரகசியமாக ஒரு பெருமிதம். எத்தனை இறுக்கமான ஷரத்து! இரண்டு பெரிய மனிதர்களை வாய் திறக்கவிடாமல் உட்கார வைத்திருக்கிறது. அவரோ எந்தத் தரப்பும் இல்லை, வெறும் எழுத்தர். இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு. கடல்நாய் இந்த மாடிப்படியில் ஏறினாலும் அந்த இரண்டு தரப்பில் ஒருவரைத்தான் முகர்ந்து பார்க்கும்.

ஐந்தே முக்காலுக்குக் கினுயே கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். “ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இது அந்தச் சொல் இல்ல, சுகெனோசான், எழுதிக்காதீங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒரு வழக்கம். தண்ணி கண்ணுக்குத் தெரியணும். தெப்பத்தச் சுத்தி முந்நூறு மீட்டருக்குள்ள படகு இல்லன்னு பாத்துட்டுத்தான் பத்த வெப்போம்.”

“காவல் படகு சுத்திட்டுத்தான இருக்கு?” என்றார் ஒகிதா.

“சுத்துது. அதுக்கே தெப்பம் எங்க இருக்குன்னு தெரியலியாம். இப்பத்தான் வயர்லெஸ்ல எங்களக் கேட்டாங்க.”

“அப்ப நீங்களே...”

“நான் ஒண்ணும் சொல்லலீங்க.”

“நானும் ஒண்ணும் சொல்லல.”

மணி ஆறு. தொமாரி கழிவறைக்குப் போவதுபோல எழுந்து படியிறங்கி, மூடுபனிக்குள் நடந்தார்.

கடல்சுவர் ஓரமாக ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரு பாய்க்கு அடுத்த பாய் தெரியவில்லை. சுட்ட கணவாயின் வாசனை எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. காகித விளக்குகள் கம்பங்களை விட்டுவிட்டுத் தனியாக மிதந்தன. உடல் இல்லாத கை ஒன்று நீண்டு அவரிடம் ஒரு சோற்றுருண்டையைக் கொடுத்தது. அவர் வாங்கிக்கொண்டார். உடல் இல்லாத குரல் ஒன்று, “இன்னிக்கு நல்லாருக்கும், பாருங்க,” என்றது. தன் கால் தரையில் படுகிறதா என்று தொமாரிக்குச் சந்தேகமாக இருந்தது. இதே போன்ற தெருவில்தானே கனவில் அது ஊர்ந்து போகும்?

சுவரின் முனையில் கற்கள்மேல் நின்றார். நேர் எதிரே எங்கோ தெப்பம். அப்போது தண்ணீரிலிருந்து சிரிப்பு கேட்டது.

வந்தது ஒரு பெண்ணின் சிரிப்பு. பின்னால் ஒரு ஆணின் இருமல், பீர் டப்பா திறக்கும் ஓசை, குழந்தை ஒன்று எதையோ எண்ணும் குரல். பனியில் ஓசை பொய் சொல்லும் என்பது தொயனாயில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் முப்பத்தொரு வருடம் இந்தத் துறைமுகத்தின் ஓசைகளைக் கேட்டவர் அவர். அந்தச் சிரிப்பு, தெப்பத்தைச் சுற்றி எல்லை காட்ட மிதக்கவிட்ட மிதவைகளுக்கு உள்பக்கம் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த படகு ஒன்று வழி தவறி உள்ளே வந்து, வெளியேதான் இருக்கிறோம் என்று நினைத்துச் சோறு தின்றுகொண்டிருக்கிறது.

அவர் மனம் வழக்கப்படி ஷரத்துகளைப் புரட்டியது. கடலில் யாருக்காவது அடிபட்டால்? பன்னிரண்டாவது ஷரத்து. சங்கத்துக்குப் பொறுப்பில்லை. பட்டறைக்குப் பொறுப்பில்லை. காப்பீட்டுக்கு, காவல் படகுக்கு, தெப்பத்தின் சொந்தக்காரருக்கு, எழுத்தருக்கு, யாருக்கும் பொறுப்பில்லை. நீர்வழியாக வேடிக்கை பார்க்க வருபவர் தம் சொந்தப் பொறுப்பில் வருகிறார் என்று கருதப்படும். அழகான வாக்கியம். அதை எழுதிய அன்று மாலை ஒரு இனிப்பு வாங்கிச் சாப்பிட்டது நினைவு வந்தது.

கனவில் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை: எல்லாக் கதவிலும் காகிதம் ஒட்டியிருந்தால் கடைசியில் அது எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்? இதோ, காகிதம் படிக்காதவர்களிடம். அந்தப் பெண் மறுபடி சிரித்தாள். முந்நூறு மீட்டருக்குள், தலைக்குமேல் எண்ணூறு குண்டுகள், அவர்கள் சொந்தப் பொறுப்பில்.

மணி ஆறே முக்கால்.

தொமாரி ஓடினார் என்று எழுதினால் பொய். ஐம்பத்தொன்பது வயதில், கையில் சோற்றுருண்டையோடு, பனிக்குள், இரண்டு பாய்களையும் ஒரு நாயையும் மிதித்துக்கொண்டு வேகமாக நடந்தார். ஏலக் கொட்டகையில் ஒலிபெருக்கி அறை இருந்தது. தினமும் காலையில் கணவாய் விலையை ஊருக்குச் சொல்வது அதில்தான். பொத்தானை அழுத்தினார். ஊரின் பதினாறு கம்பங்களிலும் அவர் மூச்சிரைப்பு முதலில் கேட்டது.

“சங்கத்து எழுத்தர் தொமாரி யசுஜி பேசறேன். வாணவேடிக்கைய நிறுத்துங்க. நிறுத்தச் சொல்றது நான்தான். தெப்பத்துக்கிட்ட ஒரு படகு இருக்கு. ஹொரிகொமேசான், கம்பிய அவுத்துடுங்க. படகுல இருக்கறவங்க அப்படியே அசையாம இருங்க, காவல் படகு வரும், சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க.” பிறகு பழக்கதோஷத்தில், “இன்னிக்கு விலை முடிஞ்சுது,” என்று சேர்த்துவிட்டார்.

ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து பனிக்குள் கரைந்தது.

கொட்டகை வாசலில் ஒகிதா வந்து நின்றார். பின்னால் கினுயே, அறுத்த கம்பியின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு. அவள் தொமாரிக்கு முன் இடுப்பு வரை குனிந்தாள். நிமிர நேரமாயிற்று.

“யோவ் தொமாரி, சங்கம் சொன்னதா ஆகுமா இது?” ஒகிதாவின் முகத்தில் பாதி நிம்மதி, பாதி பயம்.

“ஆகாதுங்க தலைவரே. நான் சங்கத்தோட தரப்பு இல்ல. பட்டறையோட தரப்பும் இல்ல.”

“அப்பறம்? செலவு எங்க போகும்?”

“பதினஞ்சாவது ஷரத்து. அதிகாரம் இல்லாத ஆள் குடுக்கற உத்தரவால வர்ற செலவு அந்த ஆளையே சேரும். குடிச்சிட்டு உளர்ற படகோட்டிகளுக்காக எழுதினது.”

“எவ்வளவு வரும்?”

“குண்டெல்லாம் திரும்பப் பட்டறைக்குப் போயிடும். தெப்பம், வண்டி, ஆள் கூலி...” தொமாரி மனதில் கூட்டினார். “என் ஓய்வுத்தொகைல பாதிக்கு மேல.”

“வேணும்னா அந்த ஷரத்த நாம கொஞ்சம் தளர்வா படிக்கலாமே,” என்றாள் கினுயே. “எங்க பக்கம் ஒரு பங்கு நாங்க...”

“தளர்வா படிக்க முடியாதுங்க, ஹொரிகொமேசான். நல்லா எழுதியிருக்கேன்.”

மிட்சுயே பனிக்குள்ளிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒலிபெருக்கியில் கேட்டிருந்தாள். “என்னங்க, அந்த ஏழு டப்பால இதுக்கு ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“ஏழாவதுல?”

“அது எதுக்குன்னே தெரியல.”

“முப்பது வருஷமா கட்டறோம்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவர் கையில் நசுங்கிக்கிடந்த சோற்றுருண்டையைப் பிடுங்கி, மணலைத் தட்டி, பாதியைப் பிய்த்து அவர் வாயருகே நீட்டினாள். “சாப்பிடுங்க மொதல்ல. யாரு குடுத்தது?”

“ஒரு கை.”

ஏழரை மணிக்குக் காவல் படகு ஒரு சிறு படகை இழுத்துக்கொண்டு துறைக்கு வந்தது. உள்ளே அடுத்த ஊர்க்காரக் குடும்பம், ஐந்து பேர். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. தொமாரி கயிற்றை வாங்கித் தூணில் சுற்றினார்.

“என்னங்க ஊர் இது!” அந்தப் பெண்ணுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. “சாயங்காலத்துலேர்ந்து நல்ல எடமா பாத்துப் பிடிச்சு வெச்சிருந்தோம். எதோ மரமேடை மாதிரி ஒண்ணு பக்கத்துலயே மெதந்துக்கிட்டிருந்துச்சு, கயிறகூட அதுலதான் கட்டியிருந்தோம். கடைசி நேரத்துல நிறுத்திட்டாங்க! எந்தப் புண்ணியவான் வேலை இது?”

ஒகிதா வாயைத் திறந்தார். தொமாரி முந்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றி, தூங்கும் குழந்தை உட்பட அந்த ஐந்து பேருக்கும் சேர்த்து, தாழக் குனிந்தார்.

“மன்னிச்சுக்கங்க. நான்தான். பொறுப்பு என்னோடதுதாங்க.”